சுயசித்தக்காரி

சீட்டில் "இல்லை" என்று வந்தது.

அம்மாதான் எடுத்தார். எங்கள் வீட்டில் எப்போதும் அம்மாதான் எடுப்பார். அவர் கையில் சூது கிடையாது என்பது அப்பாவின் நம்பிக்கை. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, சோறும் கோழிக்கறியும் மேசையில் மூடியபடியே இருக்க, நாங்கள் நான்கு பேரும் ஹாலில் முழங்காலில் நின்றோம். அப்பா நீளமாக ஜெபித்தார். பிறகு மைலோ டப்பாவைக் குலுக்கி அம்மாவிடம் நீட்டினார். உள்ளே மூன்று சீட்டுகள்: ஆம், இல்லை, காத்திரு. கேள்வி இதுதான். என் தம்பி புவனேந்திரனுக்கு நான் என் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுக்கலாமா?

அப்பா சீட்டைப் பிரித்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். எழுத்து மாறவில்லை.

"கர்த்தர் சொல்லிட்டாரு," என்றார். சீட்டை மடித்துப் போட்டு, டப்பாவை மூடி, டிவிக்குப் பக்கத்தில் அதன் இடத்தில் வைத்தார்.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். புவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"சரிப்பா. அவரு சொல்லிட்டாரு. நானும் சொல்லிடுறேன். நான் கொடுக்கத்தான் போறேன்," என்றேன்.

"சுயசித்தம் பேசாத, தாரணி."

எங்கள் சபையில் இதைவிடப் பெரிய திட்டு கிடையாது. குடிகாரனைக்கூட, திருந்திவிடுவான் என்று சேர்த்துக்கொள்வார்கள். கர்த்தர் சித்தத்தை விட்டுத் தன் இஷ்டப்படி நடக்கிற சுயசித்தக்காரி என்று பெயர் எடுத்துவிட்டால் போச்சு. வாராவாரம் உனக்காக ஜெபிப்பார்கள், அதுவும் உன் காதில் விழுகிற மாதிரி.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடுவீர்கள். அவர் பெயர் கந்தசாமி. ஞானஸ்நானம் எடுத்தபோது வேறு பெயர் வைத்தார்கள். ஐ.சி. அடையாள அட்டையில் மாற்ற அலைந்து அலுத்துப்போய், கந்தசாமியாகவே சபை மூப்பராகிவிட்டார். பிறந்தது மலாக்காவில், பெம்பான் பக்கத்து எஸ்டேட்டில். அவருடைய அப்பா முனியாண்டி, எஸ்டேட் கோயிலில் பூசாரி. எதற்கெடுத்தாலும் "நம்ம தலையில எழுதினது" என்பாராம். எஸ்டேட் கணக்கர் கிராணி திட்டினாலும் தலையெழுத்து, மகன் படிப்பு பாதியில் நின்றாலும் தலையெழுத்து. அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போய்த்தான் அப்பா வேதக்காரரானார். ஞானஸ்நானம் எடுத்த கையோடு தன் ஜாதகத்தை அடுப்பில் போட்டு எரித்தார். அது எரிந்து சாம்பலானது என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அது எழுந்து வந்து மைலோ டப்பாவுக்குள் உட்கார்ந்துகொண்டது அவருக்குத் தெரியாது.

எல்லாவற்றுக்கும் சீட்டுதான். பாயா ரும்புட்டில் வீடு வாங்கினது சீட்டு. சரியாக ஓடாத பழைய கார் ஒன்றை வாங்கினதும் சீட்டு. அது கர்த்தர் கொடுத்த கார் என்பதால் விற்கவும் முடியாது. மாதத்துக்கு ஒருமுறை ஒர்க்‌ஷாப்பில் படுத்துக்கொண்டு எங்கள் விசுவாசத்தைச் சோதிக்கும். கணேஸ்வரன் என்று ஒருவர் என்னைப் பெண் கேட்டு வந்தபோதும் முழங்காலில் நின்றோம். "இல்லை" என்று வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். நான் தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். அடுத்தவர் படுக்கைக்கு விரிப்பு சரியாக விரித்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அந்த "இல்லை"யை விழுங்கினேன். இந்த "இல்லை" தொண்டையில் இறங்கவில்லை.

இது என் கல்யாணம் இல்லை, தம்பியின் உயிர். சிங்கப்பூருக்கும் ஷா ஆலமுக்கும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். டோல் சாவடியில் உட்கார்ந்திருக்கும் பெண்களைச் சிரிக்க வைக்காமல் தாண்ட மாட்டான். இப்போது படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கணுக்காலை அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கிறது. டயாலிசிஸும் முன்பு மாதிரி அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நடுவில் பிரஷர் இறங்கிக் கண் சொருகிவிடுகிறது. ரத்தம், திசு எல்லாம் பார்த்து, அக்காவுடையது நன்றாகப் பொருந்துகிறது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். டப்பாவுக்கு மட்டும்தான் பொருந்தவில்லை.

முதலில் பாஸ்டர் திருச்செல்வத்திடம் போனேன். பெம்பானில் ஒரு கடைவரிசையின் மாடியில்தான் எங்கள் சபை. அவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், தேவன் எல்லாத்தையும் முன்குறிச்சிருக்காரு. அது சத்தியம். மனுஷனுக்கும் தீர்மானிக்கிற பொறுப்பு இருக்கு. அதுவும் சத்தியம்."

"ரெண்டும் எப்படி பாஸ்டர் சத்தியமாவும்? எல்லாம் குறிச்சாச்சுன்னா நான் என்னாத்தத் தீர்மானிக்கிறது?"

"அது ரகசியம், சிஸ்டர்."

"ரகசியமாவே இருக்கட்டும். நான் தம்பிக்குக் கொடுக்கலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க."

"ஜெபிங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலியைத் தூக்கினார். ஒன்றரை மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பிரசங்கம் பண்ணுகிறவருக்கு, எனக்கு ஒரு "ஆம்" சொல்ல வாய் வரவில்லை. நானும் ஒரு நாற்காலியைத் தூக்கி, வேண்டுமென்றே சத்தமாக வைத்துவிட்டு வந்தேன்.

புவனை டயாலிசிஸ் சென்டருக்குக் கூட்டிப்போவது நான்தான். அன்றைக்குக் காரில் அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினான்.

"விடு லா, அக்கா. வேணாம்னு வந்துருச்சு. அதுக்கு மேல நான் எப்படி வாங்குறது? உள்ள வச்சாலும் ஒத்துக்காது."

"இப்ப டயாலிசிஸுக்குப் போறியே, டப்பாவக் கேட்டுட்டா வந்த?"

"இது மருந்து மாதிரிக்கா."

"அந்த மிஷினுக்கு உன் ஆயுச நீட்ட பெர்மிட் இருக்கு. கூடப் பொறந்தவளுக்கு இல்ல. அப்படித்தானே?"

சிரித்துவிட்டான். சிரிப்பு இருமலில் முடிந்தது. "உன்கிட்ட வாய் கொடுக்க முடியாது. சரி, டாக்டருங்க ஓகேன்னு சொல்லட்டும், பாப்போம்," என்றான். தட்டிக்கழிக்கிறான் என்று தெரிந்தது. அப்பா டப்பா மேல் போட்டார், பாஸ்டர் ரகசியத்தின் மேல் போட்டார், இவன் டாக்டர் மேல் போடுகிறான். யாருக்கும் தன் வாயால் ஒரு வார்த்தை சொல்ல மனமில்லை. ஆனாலும் அந்த "பாப்போம்" எனக்குப் போதுமாக இருந்தது.

கோலாலம்பூரில் மாற்று அறுவைச் சிகிச்சை செய்கிற ஆஸ்பத்திரியில் கொடுப்பவரைத் தனியாக உட்கார வைத்து விசாரிப்பார்கள். மனநல மருத்துவர் பௌசியா எங்கள் மலாக்காக்காரர்தான், கடைக்காரக் குடும்பம், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். முதல் கேள்வியே அதுதான்.

"இது உங்க சொந்த விருப்பமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சபையில் எதற்காகத் திட்டு வாங்குகிறேனோ, அதுதான் இங்கே தகுதி. "சொந்த விருப்பம்தான் டாக்டர்," என்றேன்.

அவர் நம்பவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பெற்றோர் வீட்டில் இருக்கிறேன், தம்பி ஒரே மகன். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு பேனாவை மூடி வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்கமா. நான் நெறைய குடும்பத்தப் பாத்துட்டேன். ஆம்பளப் புள்ளைக்கு ஒண்ணுன்னா, கல்யாணமாகாத பொண்ணு தலையில கட்டிடுறாங்க. அந்தப் பொண்ணும் இங்க வந்து சொந்த விருப்பம்னுதான் சொல்லும். சொல்லச் சொல்லி அனுப்பியிருப்பாங்க."

"என்னை யாரும் அனுப்பல."

"இருக்கலாம். உங்கப்பாவக் கூட்டிட்டு வாங்க. அவர்கிட்ட பேசாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

உலகத்தில் யாரைக் கூட்டி வரச் சொன்னாலும் கூட்டி வந்திருப்பேன். அவரையா?

மலாக்கா திரும்பினபோது அப்பா வீட்டு முன்னால் ரப்பர் குழாயைப் பிடித்து, கர்த்தர் கொடுத்த காரைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"என்னைப் பாத்து என்ன கேக்கணுமாம்?"

"கொடுக்கச் சொல்லி நீங்க என்னைக் கட்டாயப்படுத்துறீங்களான்னு கேக்கணுமாம்."

"நானா?" என்றார். பிறகு டயரில் தண்ணீர் அடித்துக்கொண்டே, "நான் வந்தா உள்ளதத்தான் சொல்லுவேன். உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன்," என்றார்.

"பொய் யாரு கேட்டா?"

"தாரணி, அவன் நாளு கர்த்தர் கையில இருக்கு. அவன் பொறக்குறதுக்கு முந்தியே குறிச்சாச்சு. நீ கொடுத்துக் கூட்டவும் முடியாது, கொடுக்காமக் கொறைக்கவும் முடியாது. கொடுத்துட்டு உனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் என்னா பண்ணுவேன்? எனக்கு இருக்குறது ரெண்டு புள்ளைங்கதான்."

கடைசி வரியில் கர்த்தர் இல்லை. அங்கே பயந்துபோன ஓர் அப்பா மட்டும்தான் இருந்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தால் தம்பி போய்விடுவான் என்பதும் தெரிந்தது. அதனால் எதைக் கேட்டால் அவருக்கு வலிக்குமோ அதைக் கேட்டேன்.

"தஞ்சோங் கிளிங் கடல்ல எறங்கினீங்களே, அன்னிக்கு எந்தச் சீட்ட எடுத்தீங்க?"

அப்பா குழாயைக் கீழே விட்டார். அந்தக் கதையை ஒவ்வொரு வருஷமும் சபையில் சாட்சியாகச் சொல்கிறவர் அவர்தான். ஞானஸ்நானம் எடுக்கக் கடலில் இறங்கினபோது, தாத்தா முனியாண்டி கரையில் நின்று, இறங்கினால் நீ என் மகன் இல்லை என்று கத்தினாராம். அப்பா திரும்பிப் பார்க்காமல் இறங்கினாராம். சபையே கைதட்டும்.

"அன்னிக்கு டப்பா ஏது?" என்றார்.

"தாத்தா வேணாம்னாரு. நம்ம தலையில இது எழுதலன்னாரு. நீங்க கேட்டீங்களா?"

"என்னையக் கர்த்தர் இழுத்தாரு."

"அவரு இழுத்தாரா, நீங்க நடந்தீங்களா?"

தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவிடம் ஒரு குணம் உண்டு, பொய் வராது. சமாளிக்கக்கூடத் தெரியாது. காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அந்தக் கடலுக்குள் போய் நிற்கிறார் என்று நினைத்தேன்.

"ரெண்டும்," என்றார்.

பாஸ்டர் சொன்னதும் இதேதான். ஆனால் பாஸ்டர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டே சொன்னார். அப்பா இடுப்பளவு தண்ணீரில், பின்னால் பெற்ற தகப்பன் கத்திக்கொண்டிருக்க, நடந்து பார்த்தவர். அவர் சொன்னபோது எனக்குப் புரிந்தது. புரிந்ததை அவரிடமே திருப்பினேன்.

"அப்ப எனக்கும் ரெண்டும்தான்ப்பா. என்னைப் படைச்சவருதானே இந்தப் பிடிவாதத்தையும் வச்சாரு? கடல்ல எறங்க உங்களுக்கு மட்டும்தான் காலு கொடுத்தாரா?"

அப்பா குழாயை அடைத்துவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூட அம்மாவிடம்தான் கேட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் காலையில் வெளியே வந்தால், ஞாயிற்றுக்கிழமை போடுகிற வெள்ளை முழுக்கைச் சட்டையோடு காரின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் வேதாகமம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, என்ன சொல்லப்போகிறார் என்றும் சொல்லவில்லை. கார் அதிசயமாக ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆனது. பெற்றவர் எதிரில் உட்கார்ந்து வேண்டாம் என்று அழுத்திச் சொன்னால் எந்த டாக்டரும் யோசிக்கத்தானே செய்வார்?

டாக்டர் பௌசியா அப்பாவிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார்.

"என் மகளுக்குத் தெரியாம நான் ஒண்ணும் பேச மாட்டேன். அவளும் இருக்கட்டும்," என்றார் அப்பா.

டாக்டர் தயங்கிவிட்டுச் சம்மதித்தார். "சரிங்க ஐயா. மகனுக்கு மகள் கொடுக்கப் போறாங்க. இதப் பத்தி வீட்ல என்ன பேசிக்கிட்டீங்க?"

"நான் வேணாம்னேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் மட்டுமில்ல, கர்த்தரும் வேணாம்னாரு. வீட்ல முழங்கால்ல நின்னு சீட்டுப் போட்டோம். இல்லைன்னு வந்துச்சு. வாங்கிக்க வேண்டிய பையனும் வேணாம்னுட்டான். இவ கேக்கல. அன்னிலேருந்து வீட்ல பேச்சுவார்த்த கெடையாது."

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"இப்பவும் வேணாம்னுதான் சொல்றீங்களா?"

அப்பா மடியிலிருந்த வேதாகமத்தின் ஓரத்தைத் தடவினார். "சொன்னத நான் மாத்தல. எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா தடுக்க மாட்டேன். என்னைய எங்கப்பா தடுத்தாரு. நான் நிக்கல."

"அப்போ யாரும் இவங்களக் கட்டாயப்படுத்தல?"

"கட்டாயப்படுத்துறதா? இவளையா?" அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பல நாளுக்குப் பிறகு அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "இவ பொறந்ததுலேருந்தே சுயசித்தம், டாக்டர். இவளப் படைச்சவரே இவளக் கட்டாயப்படுத்தினது இல்ல."

டாக்டர் சிரித்தார். "எங்க வீட்லயும் இதே சண்ட உண்டு ஐயா. தலையெழுத்த நாங்க நசீப்னு சொல்லுவோம்," என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். இத்தனை நாள் நான் தலைகீழாக நின்றும் கிடைக்காத கையெழுத்து.

காரில் ஏறின பிறகு அப்பா மெதுவாக ஆரம்பித்தார்.

"ஆம்னு வந்திருந்தா நான் சந்தோஷமாக் கூட்டிட்டு வந்திருப்பேன். அம்மாவும் வந்து, கொடுத்துத்தான் ஆவணும்னு அழுதிருப்பா. அந்த டாக்டரம்மா கையெழுத்துப் போட்டிருக்காது. அதுக்குத்தான் இல்லைன்னு வந்துச்சு போல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னது பொய்யில்லை, அதனால் இன்னும் எரிந்தது. அந்த "இல்லை"தான் எனக்குச் சாட்சி சொன்னது. அதை வெறுத்தேன், அதுவே கதவைத் திறந்தது. ஆனால் கல்யாணத்தைத் தின்ற "இல்லை"க்கும் சேர்த்து இவர் கணக்கை முடித்துவிடுவார் போலிருந்தது.

"இருக்கலாம்ப்பா. அவரு இல்லைன்னு வச்சாரு, சரி. அத மீறினது நான். அந்தப் பயத்தோட அத்தன நாளு நடந்தது நான். அத மட்டும் அவருக்குத் தூக்கிக் கொடுக்க மாட்டேன்."

அப்பா மடியிலிருந்த வேதாகமத்தை எடுத்து டேஷ்போர்டில் வைத்தார்.

"அத அவரு உங்கிட்ட கேக்க மாட்டாரும்மா," என்றார்.

வீட்டில் புவன் சோபாவில் சாய்ந்திருந்தான். கால்கள் வீங்கி, மேசைமேல் தலையணை வைத்து அதன்மேல் நீட்டியிருந்தான். அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார்.

"என்னா சொன்னாங்க?" என்றான் புவன்.

"சரின்னுட்டாங்க. இப்ப நீ சொல்லு. வாங்கிக்கிறியா?"

"டாக்டரே சரின்னுட்டாங்கன்னா அப்புறம்..."

"டாக்டர் கதைய விடு. நான் கொடுக்குறேன். கொடுக்குறத யாரும் உன் கையில திணிக்க முடியாது. நீதான் வாங்கணும். வாயத் தொறந்து சொல்லு."

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மாவின் கண் பழக்கத்தில் டிவி பக்கம் போய், கையும் டப்பாவை நோக்கி நீண்டது.

"டப்பா வேணாம், இந்திரா," என்றார் அப்பா.

புவன் அப்பாவைப் பார்த்தான். சின்ன வயதில் மிட்டாய் வாங்கலாமா என்று கேட்கிற அதே பார்வை. அப்பா முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னையப் பாக்காதடா. அவ உன்னைத்தான் கேக்குறா."

புவன் காலைத் தலையணையிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினான். சோபாவின் கையைப் பிடித்து, மூச்சு வாங்க, எழுந்து நின்றான். தாங்கப் போன அம்மாவைத் தடுத்துவிட்டு என் எதிரில் வந்தான்.

"வாங்கிக்கிறேன்கா," என்றான்.